கனடா டிஸ்க், லண்டன் டிஸ்க், கொழும்புப் பிளேயர்: எதை வாங்கலாம்?

வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் நாலைந்து பட டிஸ்க்குகளும் வரும் வீடுகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளிலிருந்து வரும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: டிஸ்க் புதுசு, கீறல் இல்லை, ஆனால் பிளேயரில் போட்டால் 'ரீஜன் பிழை' என்று காட்டி வெளியே தள்ளுகிறது, இனி புதுப் பிளேயர் வாங்குவதா, இருப்பதைத் திறப்பதா, லப்டொப்பில் பார்ப்பதா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியது போதும், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ரீஜன் வேறு என்பதற்காக டிஸ்க்கில் படம் பதிந்திருக்கும் விதம் மாறுவதில்லை. டிவிடியில் எந்தெந்தப் பிராந்தியத்தில் (அதுதான் ரீஜன்) ஓடலாம் என்று ஒரு சின்னக் குறிப்பு மட்டும் இருக்கும், பிளேயர் அதைத் தன் சொந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் மறுத்துவிடும். டிவிடியின் மறையாக்கத்தை (பிரதி எடுக்க முடியாதபடி படத்தைச் சங்கேதமாக்கும் முறை) பயன்படுத்த உரிமம் எடுக்கும் தயாரிப்பாளர் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது 1990களின் பிற்பகுதியில் ஹொலிவுட் ஸ்டூடியோக்கள் பிடிவாதமாக வைத்த நிபந்தனை. அமெரிக்காவில் டிவிடி வந்தபோதும் ஐரோப்பாவில் படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும், நாட்டுக்கு நாடு உரிமையும் விலையும் வேறு. பூட்டுப் போட்டது வியாபாரத்துக்கு. அதனால்தான் சில பிளேயர்களில் ரிமோட்டின் நாலு பொத்தானிலேயே அது கழன்றுவிடுகிறது.

எதைப் பார்த்து முடிவெடுப்பது

பிளேயர் கடைக்குப் போக முன் வீட்டிலிருக்கும் டிஸ்க்குகளை எடுத்து உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். டிவிடி என்றால் சின்ன உலக உருண்டைக்குள் ஒரு எண் இருக்கும், ப்ளூ-ரே என்றால் ஏ, பி, சி என்று ஒரு எழுத்து. சொந்தக்காரர் எந்த நாடு என்பதை வைத்தே பெரும்பாலும் ஊகிக்கலாம்:

| எங்கிருந்து வந்தது | டிவிடி | ப்ளூ-ரே |
|---|---|---|
| கனடா, அமெரிக்கா | 1 | ஏ |
| இங்கிலாந்து, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே | 2 | பி |
| துபாய், கத்தார் | 2 | பி |
| ஜப்பான் | 2 | ஏ |
| சிங்கப்பூர், மலேசியா | 3 | ஏ |
| அவுஸ்திரேலியா, நியூசிலாந்து | 4 | பி |
| இலங்கை, இந்தியா | 5 | சி |

0 அல்லது 'ஓல்' (ALL) என்று போட்டிருந்தால் எங்கும் ஓடும். தமிழ்ப் பட டிவிடிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான், விற்பனையே உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் நம்மவர்களை நம்பி என்றால் பூட்டுப் போட்டு என்ன லாபம்? 4கே அல்ட்ரா எச்டி ப்ளூ-ரேக்குப் பிராந்தியப் பூட்டே கிடையாது. சாதாரண ப்ளூ-ரேயிலும் வோர்னர், பரமவுண்ட், யுனிவர்சல் போன்றவர்களின் டிஸ்க்குகள் பெரும்பாலும் பூட்டில்லாமலே வந்தன, ஃபொக்ஸ் நிறையப் பூட்டியது. பழைய உலக சினிமாவைத் திருத்தித் துலக்கி வெளியிடும் கிரைட்டீரியன் போன்ற சின்ன நிறுவனங்கள் நாட்டு உரிமை மட்டும் வாங்கியிருப்பதால் அநேகமாகப் பூட்டித்தான் விடுவார்கள். ஆகவே, உங்களிடம் இருப்பது ஹொலிவுட் படங்களா, பழைய ஜப்பானியப் படங்களா என்பதே செலவை மாற்றும்.

அடுத்தது பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற இரண்டு டிவி முறைகள். பலர் இதையும் ரீஜனையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ரீஜன் என்பது அனுமதி, இது படத்தின் வரி எண்ணிக்கையும் வேகமும்: பாலில் 576 வரி, வினாடிக்கு 25 சட்டகம், என்டிஎஸ்சியில் 480 வரி, கிட்டத்தட்ட 30. ரொறன்ரோவில் நடந்த கல்யாணத்தின், சாமத்தியச் சடங்கின் டிவிடி அம்மம்மாவின் பிளேயரில் ஓடவில்லை என்றால் ரீஜனைத் திட்டாதீர்கள், வீட்டில் எழுதிய டிஸ்க்கில் அந்தப் பூட்டே இருக்காது. படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வந்தால் என்டிஎஸ்சி சிக்கல், பிளேயரின் அமைப்பில் 'ஓட்டோ' அல்லது 'மல்டி' என்று மாற்றினால் சரியாகும். டிஸ்க்கையே அடையாளம் காணவில்லை என்றால் எழுதியவர் அதைக் கடைசிப்படி முடித்து மூடாமல் விட்டிருக்கலாம், அல்லது பழைய லென்ஸுக்கு எழுதும் வகை டிஸ்க் பிடிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் புதுப் பிளேயர் தேவையில்லை, அனுப்பியவரிடமே ஒரு பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லுங்கள். நல்ல காலத்துக்கு, இந்த விஷயத்தில் கொழும்பில் இருப்பது வசதி. இங்கே விற்கும் டிவிகளும் பிளேயர்களும் அநேகமாக இரண்டையும் எடுக்கும், அமெரிக்காவில் விற்கும் பிளேயர்களில் பல பாலைத் தொடவே தொடாது.

மூன்றாவது கறண்ட். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கனடா, அமெரிக்கா 120, ஜப்பான் 100. பிறகு, யார் பாவிக்கப் போகிறார்கள் என்பது. எழுபது வயது அப்பா தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டிய சாமானும், நீங்களே கேபிள் மாற்றிக்கொண்டு விளையாடப் போகும் சாமானும் ஒன்றாக இருக்க முடியாது. கடைசியாக, பழுதானால் யார் திருத்துவது. காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, உப்புக் காற்று எந்த மின்சாமானையும் விட்டுவைப்பதில்லை.

வழி 1: சாதாரண டிவிடி பிளேயரைத் திறந்து பாவிப்பது

உங்களிடம் இருப்பவை டிவிடிகள் மட்டும் என்றால் இந்தக் கட்டுரையில் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை.

புறக்கோட்டையில் கிடைக்கும் பெயர் தெரியாத மலிவுப் பிளேயர்களில் பல, வரும்போதே பூட்டில்லாமல் வருகின்றன. பூட்டோடு வந்தாலும், பெரிய கம்பனிகளின் பழைய மொடல்களில்கூட, தட்டைத் திறந்து வைத்துக்கொண்டோ அமைப்புப் பக்கத்துக்குப் போயோ ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் மறைவாக ஒரு பட்டியல் வரும், அதில் 0 அல்லது 9 என்று போட்டால் எல்லாம் ஓடும். மொடலுக்கு மொடல் எண் வேறு. வீடியோஹெல்ப் என்ற தளத்தில் மொடல் வாரியாகப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். மென்பொருளை மாற்றி ஏற்றச் சொல்லும் வழிகளை மட்டும் தவிருங்கள், நடுவில் கறண்ட் போனால் பிளேயர் போய்விடும்.

ஒரு பொறி உண்டு. 2000ஆம் ஆண்டளவில் சில அமெரிக்க டிஸ்க்குகளில் கூடுதல் சோதனை ஒன்றைப் புகுத்தினார்கள், பிளேயர் 'நான் எல்லாவற்றுக்கும் பொது' என்று சொன்னால் அந்த டிஸ்க் மறுத்துவிடும். அப்படி வந்தால் 0 இலிருந்து 1க்கு மாற்றுங்கள், ஓடும். இதைத் தெரியாமல் நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

மறைந்த செலவு என்று பெரிதாக இல்லை. லென்ஸ் மங்கினால் திருத்தும் கூலிக்குப் புதுசே வாங்கிவிடலாம் என்ற நிலைதான். ஒன்றைக் கவனியுங்கள்: மலிவுப் பிளேயர்கள் சிலவற்றில் எச்டிஎம்ஐ இருக்காது, மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் மட்டும், புது டிவியில் அதற்கு ஓட்டையே இல்லாமல் இருக்கலாம். டிவியின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வழி 2: மாற்றியமைத்த ரீஜன்-ஃப்ரீ ப்ளூ-ரே பிளேயர்

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான், எனக்கோ இதில் அவ்வளவு பிடிப்பில்லை.

ப்ளூ-ரேயில் ரிமோட் வித்தை அநேகமாக எடுபடாது. விற்பனையாளர் பிளேயரைத் திறந்து உள்ளே ஒரு சிறு பலகையைப் பொருத்தியோ மென்பொருளை மாற்றியோ விற்கிறார்கள், அடிப்படை மொடல் பெரும்பாலும் சோனி அல்லது பனசொனிக். சிலவற்றில் ரிமோட்டில் எண்ணை அழுத்தி ஏ, பி, சி மாற்ற வேண்டும், சிலவற்றில் தானாக மாறும். வேலை செய்யும்போது அருமையாக இருக்கும், ஒரே பெட்டி, எந்த நாட்டு டிஸ்க்கும் சரி.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அதே மொடலின் சாதாரண விலையைவிட நன்றாகவே கூட. டொலரிலோ பவுணிலோ கொடுக்க வேண்டும், கப்பல் கூலி, சுங்கத்தில் வரி, 2024 தைமாதத்திலிருந்து 18 வீதமாகிவிட்ட வற் வேறு. உள்ளே கைவைத்ததால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் போய்விடும், விற்றவரின் உத்தரவாதமோ திருப்பி அனுப்பும் கூலியைக் கேட்ட உடனே அர்த்தமில்லாமல் போய்விடும். இன்னொன்று: புதுப் படங்களின் டிஸ்க்குகள் சில, மறையாக்கச் சாவி மாறியதால், பிளேயரின் மென்பொருளைப் புதுப்பித்தால்தான் ஓடும், புதுப்பித்தால் சில பிளேயர்களில் செய்த மாற்றமே அழிந்துவிடும். வாங்க முன் விற்பவரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இந்தச் சந்தையே சுருங்கிக்கொண்டும் போகிறது. ஒப்போ 2018இல் விலகியது, சாம்சங் 2019இல், எல்ஜியும் பிறகு நிறுத்திவிட்டது.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பூட்டிய ப்ளூ-ரேகள் தொடர்ந்து வரும், சேகரிப்பது உங்களுக்குப் பைத்தியம், அலுமாரியில் இடமில்லை என்று வீட்டில் ஏற்கனவே சண்டை. இப்படியானவர்களுக்கு இது சரி.

வழி 3: பூட்டியதையே, சரியான நாட்டிலிருந்து

யாரும் பெரிதாகக் கதைக்காத வழி, ஆனால் கொழும்பில் இருப்பவருக்கு மிகப் பொருத்தமானது.

ஒரே பிராந்தியத்து ப்ளூ-ரேகள்தான் உங்களிடம் சேர்கின்றன என்றால், அந்தப் பிராந்தியத்தின் சாதாரணப் பிளேயரை வாங்கினால் முடிந்தது. மாற்றம் இல்லை, மென்பொருளைப் பயமில்லாமல் புதுப்பிக்கலாம். லண்டனில் வாங்கிய பிளேயர் பி பிராந்தியம், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 13 ஆம்பியர் சதுர பிளக், இங்கே அப்படியே சுவரில் செருகலாம். லண்டன், பாரிஸ், மெல்பேர்ன், துபாய் ப்ளூ-ரேகள் எல்லாம் அதில் ஓடும். அதே பிளேயரின் டிவிடிப் பகுதியை மட்டும் ரிமோட்டால் திறக்க முடிகிற மொடலாக இருந்தால் கனடா டிவிடிகளும் ஓடும், அப்போது மறுக்கப்படுவது பூட்டிய ஏ, சி ப்ளூ-ரேகள் மட்டும்.

சரி, சொந்தம் எல்லாம் கனடாவில் என்றால்? உடனே தோன்றுவது, ரொறன்ரோவிலிருந்து வரும் மாமாவிடம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வது. சொல்லாதீர்கள். அந்தப் பிளேயரின் பின்பக்கத்தில் '120 வோல்ட் 60 ஹேர்ட்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும், அது சூடாகும், இடம் அடைக்கும். ஒருநாள் வீடு கூட்ட வந்தவர் பிளக்கைக் கழற்றிவிட்டு நேராகச் சுவரில் செருகினால் கதை முடிந்தது, ஏனென்றால் பின் மாற்றும் அடப்டர் பின்னை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை அல்ல. (வெளியே தனி அடப்டரோடு வரும் சின்ன மொடல் என்றால் அந்த அடப்டரில் '100–240' என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் பிரச்சினை இல்லை.) வட அமெரிக்கப் பிளேயர் பால் டிவிடிகளை எடுக்காமலும் போகலாம், அப்போது அலுமாரியில் இருக்கும் இந்திய, லண்டன் டிவிடிகள் கைவிட்டுப் போகும்.

அதற்குப் பதிலாகச் சிங்கப்பூரை நினையுங்கள். மேலே அட்டவணையைத் திரும்பப் பாருங்கள்: ப்ளூ-ரேக்கு சிங்கப்பூரும் மலேசியாவும் கனடாவின் அதே ஏ பிராந்தியம். ஆனால் கறண்ட் நம்முடையது, பிளக் நம்முடையது, பால் நாடு என்பதால் இரண்டு முறையும் எடுக்கும். டிவிடிக்கு மட்டும் 3, அதை ரிமோட்டால் திறக்க முடியுமா என்று மொடலைப் பார்த்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் பழைய டிவிடி பிளேயர் பக்கத்தில் இருக்கட்டும். நாலு மணி நேரம் பறக்கிற தூரம், யாராவது போய்வந்துகொண்டுதான் இருப்பார்கள்.

லண்டனில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று என்று இரண்டு சாதாரணப் பிளேயர் வாங்கினாலும், பயணப் பெட்டியில் கைச்சாமானாக வந்தால், பெரும்பாலும் ஒரு மாற்றியமைத்த பிளேயரின் மொத்தச் செலவுக்குள் அடங்கிவிடும். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும். குறை என்னவென்றால் டிவியின் கீழே இரண்டு பெட்டி, இரண்டு ரிமோட், 'எதில போடுறது?' என்று அம்மா கூப்பிட்டுக் கேட்பார்.

கொழும்புக் கடைகளில் வாங்குவதானாலும் பெட்டி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். முறையாக இந்தப் பக்கத்துக்கென்று வந்தது டிவிடி 5, ப்ளூ-ரே சி. துபாயிலிருந்து வந்தது என்றால் 2, பி. கடைக்காரர் 'எல்லாம் ஓடும் சேர்' என்பார், பின்பக்க ஸ்டிக்கரில் இருப்பதுதான் உண்மை.

வழி 4: கொம்பியூட்டரும் யூஎஸ்பி டிரைவும்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு வெளி டிவிடி டிரைவ் வாங்கி, லப்டொப்பில் செருகி, எச்டிஎம்ஐயால் டிவிக்குக் கொடுப்பது. இளையவர்களுக்கு இதுதான் முதலில் தோன்றும், டிவிடிக்கு நன்றாகவே வேலை செய்யும்.

2000 தை முதலாம் திகதிக்குப் பிறகு வந்த டிவிடி டிரைவ்கள் ரீஜன் எண்ணைத் தம் உள்ளேயே வைத்திருக்கும், ஐந்து தரம் மாற்றலாம், ஐந்தாவதோடு அப்படியே நின்றுவிடும். விண்டோஸைத் திரும்பப் போட்டாலும் எண்ணிக்கை அழியாது, அது டிரைவின் நினைவில் இருப்பது. ஆகவே விண்டோஸ் 'ரீஜனை மாற்றவா?' என்று கேட்டால் யோசிக்காமல் 'ஓம்' போடாதீர்கள். விஎல்சி என்ற மென்பொருள் ரீஜனைப் பொருட்படுத்தாமல் மறையாக்கத்தைத் தானே அவிழ்க்கப் பார்க்கும், பெரும்பாலும் வெற்றி. சில டிரைவ்கள், குறிப்பாக மட்சிட்டா என்ற பெயரில் வரும் லப்டொப் டிரைவ்கள், அதையும் தடுக்கும்.

ப்ளூ-ரேயில் நிலைமை தலைகீழ். டிரைவில் பூட்டு இல்லை, படத்தை ஓட்டும் மென்பொருளில்தான். டிரைவின் விலையும் கூட, காசு கொடுத்து வாங்கும் மென்பொருளும் ரீஜன் மாற்ற எண்ணிக்கை வைத்திருக்கும். மேக்எம்கேவி என்ற மென்பொருளால் டிஸ்க்கைக் கோப்பாக மாற்றி வன்தட்டில் வைப்பவர்கள் உண்டு, அப்படி வைத்தால் ரீஜன் என்ற பேச்சே போய்விடும், டிஸ்க்கும் தேயாது. ஆனால் இரட்டை அடுக்கு டிவிடி 8.5 ஜிபி, ப்ளூ-ரே 50 ஜிபி வரை, வன்தட்டுச் செலவைக் கூட்டிப் பாருங்கள். இன்னொன்று, மறையாக்கத்தை உடைப்பது பிராந்தியப் பூட்டைத் திறப்பது போன்ற விஷயம் அல்ல, சில நாட்டுச் சட்டங்கள் இரண்டையும் வேறாகப் பார்க்கின்றன. நியூசிலாந்துச் சட்டம் வெறும் பிராந்தியப் பிரிப்புக்கான பூட்டுக்குப் பாதுகாப்பே தருவதில்லை, பிரதித் தடைக்குத் தருகிறது. சொந்தமாக வாங்கிய டிஸ்க் என்பதால் எல்லாம் சரியாகிவிடாது.

4கே டிஸ்க்கைக் கொம்பியூட்டரில் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்குத் தேவைப்பட்ட பாதுகாப்பு வசதியை இன்டெல் தன் புது கோர் சில்லுகளிலிருந்து எடுத்துவிட்டது, முறையான மென்பொருள் வழி அதோடு அடைபட்டது.

தனியாக இருப்பவர், லப்டொப் எப்படியும் மேசையில் இருக்கிறது, இடைக்கிடை ஒரு டிவிடி பார்ப்பார் என்றால் இது போதும். அப்பாவுக்கு இதைக் கொடுத்தால் நீங்கள்தான் ஒவ்வொரு முறையும் எழும்பிப் போக வேண்டும்.

வழி 5: பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ்

சுருக்கமாக: விளையாட்டு டிஸ்க்குகள் எங்கிருந்து வந்தாலும் ஓடுவதால் பட டிஸ்க்கும் ஓடும் என்று நினைக்கிறார்கள், ஓடாது. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் அது எந்த நாட்டு இயந்திரமோ அந்தப் பூட்டுத்தான், மாற்றவும் முடியாது. பிளேஸ்டேஷன் 5இல் டிஸ்க் டிரைவ் இருந்தால் 4கே டிஸ்க் பார்க்கலாம், 4இல் அதுவும் இல்லை, ப்ரோவாக இருந்தாலும் இல்லை. டிஸ்க் டிரைவ் உள்ள எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் 4கே ஓட்டும், சீரீஸ் எஸ்ஸில் டிரைவே கிடையாது. பிள்ளைகளுக்கு எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மேலதிக வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள், படத்துக்காக வாங்காதீர்கள்.

வழி 6: இனிமேல் 4கே மட்டும்

பூட்டு இல்லாததால் சேகரிப்பைப் புதிதாகத் தொடங்குபவருக்கு இது சுத்தமான வழி, லண்டனில் வாங்கிய 4கே பிளேயரில் கனடா 4கே டிஸ்க் தாராளமாக ஓடும். ஆனால் பெட்டிக்குள் கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரேயில் பூட்டு இருக்கலாம், சில வேளை மேலதிகக் காட்சிகளும் பேட்டிகளும் அந்த டிஸ்க்கில்தான் இருக்கும். 4கே பிளேயரும் பழைய ப்ளூ-ரே, டிவிடிக்கு வழக்கம்போல் பூட்டியே வரும். டிஸ்க் விலையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

நெட்ஃபிளிக்ஸ் இருக்கும்போது ஏன் இவ்வளவும்?

இதையும் கேட்கிறார்கள். 2016 தையில் நெட்ஃபிளிக்ஸ் இங்கே வந்தது, ஆனால் அதன் பட்டியலும் நாட்டுக்கு நாடு வேறு, இன்று இருக்கும் படம் அடுத்த மாதம் இருக்காது. அங்கேயும் பூட்டுத்தான், எண் மட்டும் எழுதியிருக்காது. புதுப் படம் பார்ப்பவருக்கு டிஸ்க் தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடையில் செய்ய வேண்டியது

எதை வாங்கப் போனாலும் உங்கள் டிஸ்க்குகளில் மூன்றைக் கையோடு கொண்டு போங்கள்: ஒரு கனடா டிஸ்க், ஒரு லண்டன் அல்லது அவுஸ்திரேலியா டிஸ்க், ரொறன்ரோக் கல்யாண டிஸ்க். ப்ளூ-ரே பிளேயர் என்றால் முதல் இரண்டும் பூட்டிய ப்ளூ-ரேயாக இருக்கட்டும், பூட்டில்லாத டிஸ்க் ஓடியது எதையும் நிரூபிக்காது. மெனு வந்தவுடன் 'ஓகே' சொல்லிவிடாதீர்கள், படத்தையே ஓடவிட்டு நடுப்பகுதிக்குத் தாண்டிப் பாருங்கள், சில டிஸ்க் மெனு வரைக்கும் வந்துவிட்டுத்தான் மறுக்கும். ரீஜன் திறந்து தந்ததாகச் சொன்னால் அந்த எண்களைப் பில்லின் பின்புறத்தில் எழுதி வாங்குங்கள், கறண்ட் போய்வந்த பிறகு சில பிளேயர்கள் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். பரீட்சித்துப் பார்க்க விடாத கடை என்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள், புறக்கோட்டையில் பக்கத்துக் கடைக்கா பஞ்சம்?